வளைவில் பஸ் வராது

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். ஓட்டத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் இன்னும் மோசம். கல்லூரியில் எனக்கு 'ஒருநாள் குதிரை' என்றே பட்டப்பெயர். ஐயாயிரம் மீட்டரில் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் வாய்பிளக்க வைப்பேன். அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது சுற்றிலேயே தொங்கிப்போவேன்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க, சேலத்தில் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை ஓடவிடுவார்கள். இரண்டிலும் இருபது நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். ஒன்றில் வந்து மற்றதில் கோட்டைவிட்டு, இரண்டு வருடம் வெளியே நின்றுவிட்டேன். இது கடைசி வருடம். இதுவும் போனால் மலைமேல் எங்கள் ஊரான ஒண்டிக்கடையில், நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் மளிகைக் கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான்.

"ஆராச்சும் கூட ஓடுனாத்தான் நீ ஓடறே கண்ணு. தனியா உட்டா படுத்துக்கறே," என்றார் அத்தா ஒருநாள். சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் அவர் சொன்னது உண்மை என்று என் தங்கை நிரூபித்தாள். அவளுக்கு வாய் நீளம். நான் தோற்ற ஓட்டத்தைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இதப் பாரு. வளைவு வந்தா நீ பஸ்சுக்கு ஒதுங்கறே!"

அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு நானும் பார்த்தேன். மைதானத்தின் ஒவ்வொரு வளைவிலும் என் கால் தளர்ந்தது, உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தது, தலைகூட லேசாகத் திரும்பியது. பத்து வயதிலிருந்து நான் ஓடிப் பழகியது எங்கள் மலைப்பாதையில். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டி, வேகத்தைக் குறைத்து, ஓரம் ஒதுங்கினால்தான் உயிரோடு வீடு வரலாம். அந்தப் பழக்கத்தை அப்படியே சேலத்து மைதானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன், பைத்தியக்காரி. பக்கத்தில் ஒருத்தி தோளோடு தோள் ஓடினால் அவள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். தனியாக ஓடினால் வராத பஸ்சுக்கு வழிவிட்டு நிற்பேன்.

காலுக்கு எவ்வளவோ பயிற்சி கொடுத்தாயிற்று, இனி மண்டைக்குத்தான் என்று முடிவெடுத்தேன். கல்லூரி விடுமுறையில், கடையில் கூட்டம் குறையும் மதிய நேரத்தில், பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழு ஓட்டத்தையும் மனசுக்குள் ஓடினேன். பன்னிரண்டரைச் சுற்று, இருபத்தைந்து வளைவு. தங்கை நேரம் பார்த்தாள். முதல் நாள் முடித்துக் கண்ணைத் திறந்தபோது இருபத்தொன்றரை நிமிடம் ஆகியிருந்தது. நினைப்பில்கூட நான் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறேன்! அங்கேயும் வளைவுக்கு வளைவு ஹாரன் கேட்டது. எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

ஹாரனைக் கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சரி, கேட்டுத் தொலையட்டும் என்று விட்டு, ஒவ்வொரு வளைவிலும் "பஸ் வராது, போடி உள்ளே" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. ஒருநாள்கூட விடவில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும். பக்கத்து ஊர் வாழவந்தியிலிருந்து புளி வாங்க வந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"ஏனுங்க பாய், புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. சேலத்துல ஓடிக்கிட்டிருக்குது," என்றார் அத்தா.

இரண்டு மாதம் கழித்து முதல் சனிக்கிழமை வந்தது. பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடியில் முடித்தேன். ஆனால் ஆத்தூர்ப் பக்கத்து நெட்டைப் பெண் ஒருத்தி கடைசிவரை என் தோளை உரசிக்கொண்டே ஓடியிருந்தாள். அது என் ஓட்டமா, அவள் தயவா என்று எனக்கே தெரியவில்லை. வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. கணுக்கால் பிசகிவிட்டதாம். மற்றவர்கள் இரண்டாவது சுற்றிலேயே பின்தங்கிவிட்டார்கள். முன்னால் யாருமில்லை, பக்கத்தில் யாருமில்லை. "பஸ் வராது, போடி உள்ளே" என்றேன். அடுத்த வளைவிலும் சொன்னேன். ஒன்பதாவது சுற்றில் வெளியே சாலையில் நிஜமாகவே ஒரு பஸ் அலறியது. என் வலது கால் அரை அடி வெளியே போனது. "உள்ளே வாடி!" என்று வாய்விட்டே கத்தினேன், கோட்டோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கால் திரும்பி உள்ளே வந்தது. மிச்சமிருந்த வளைவுகளில் அது மறுபடி வெளியே போகவில்லை. நெஞ்சு எரிந்தது, விலா குத்தியது. சொன்னதையே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பத்தொன்பது நிமிடம் நாற்பத்து மூன்று விநாடி. நேரம் குறித்தவரிடம் கடிகாரத்தை இரண்டு தடவை காட்டச் சொன்னேன். புல்லில் விழுந்து கிடந்தபடியே கடைக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டேனுங்கத்தா. ரெண்டு வாரமும் வந்துட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். அந்த நெட்டப் புள்ளை கூட ஓடுச்சா?"

"இல்லீங்கத்தா. அது வரலீங்க."

"அப்பறம் ஆரு கண்ணு கூட ஓடுனாங்க?"

"ஆருமே இல்லீங்கத்தா," என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.