இன்னும் கொஞ்சம் லேசா

ஊரை விட்டுத் தள்ளி, பழைய செங்கல் கிடங்கு இருந்த இடத்தில் ஒரு பெயிண்ட்பால் மைதானம். ஞாயிற்றுக்கிழமையானால் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட முகமூடி மாட்டிக்கொண்டு, டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்கி, ஒருவரையொருவர் சாயக் குண்டால் சுட்டுக்கொண்டு கத்துவார்கள். காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி, கோலிக்குண்டு அளவு உருண்டை. பட்டால் ஒரு சுளீர், சட்டையில் ஒரு சாயப் பூ. அவ்வளவுதான் விளையாட்டு.

அந்தத் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, பழுது பார்க்கிறவளை எல்லோரும் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் தொழிற்சாலையில் பொருத்துகிற வேலை பார்த்தவள். அது மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். தகர ஷெட்டுக்குள் ஒரு நீள மேஜை, ஒரு விளக்கு, மேஜைக்கடியில் சாயம் துடைக்க எப்போதும் ஈரமாக ஒரு சாக்கு. கல்யாணம் என்ற பேச்சு வந்து வந்து ஓய்ந்துபோனதில் அவளுக்கு வருத்தமில்லை. அடுத்த தெருவில் அண்ணன் வீடு இருந்தது. அது போதும்.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். “வாய் மட்டும் இல்லேன்னா இந்த மனுஷன நாய் கவ்விட்டுப் போயிடும்” என்பாள் அண்ணி. ஞாயிறு தவறாமல் மைதானத்துக்கு வந்துவிடுவான். சுடுவதைவிடச் சத்தம் அதிகம். குண்டு பட்டு வெளியே வந்த பிறகும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எதிரணிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, “டாக்டரம்மா, என் ட்ரிகரு ரொம்ப முறைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் சமாதானம் பண்ணு” என்றான்.

அவள் இழுத்துப் பார்த்தாள். வழக்கம்போலத்தான் இருந்தது. இருந்தாலும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிப் போட்டாள். அடுத்த வாரமே மறுபடி வந்து நின்றான். மேலும் வெட்டினால் ஸ்பிரிங் துவண்டுபோய் ட்ரிகரைத் திரும்பத் தள்ளாது. யோசித்துப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டாள். உளுந்து அளவில் இரண்டு காந்தம் வாங்கினாள். ஒன்றை ட்ரிகரின் முதுகில் ஒட்டினாள், இன்னொன்றை அதற்கு எதிரே ஒரு திருகின் முனையில். ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளலில் ட்ரிகர் தானாக முன்னுக்கு வரும். திருகைப் பின்னால் எடுக்க எடுக்க இழுப்பு லேசாகும். முதல் தடவை காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டாள். ட்ரிகர் போய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“பாத்தியா, நானும் உங்க அண்ணியும் மாதிரி” என்று சிரித்தான் அண்ணன்.

சரியாக ஒட்டிக் கொடுத்ததும் இழுத்துப் பார்த்துவிட்டு, “அடடா, வெண்ணெய்!” என்றான். ஷெட்டு முழுக்க அவனைச் சுற்றி நின்று இழுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் சில வாரத்தில், “இன்னும் கொஞ்சம் லேசா” என்றான். திருகைத் திருப்பினாள். அடுத்த தடவையும் அதையே கேட்டான். வேண்டுமென்றே அன்று திருகைத் தொடாமல், சும்மா துடைத்து மட்டும் கொடுத்தாள். “இழு, பாக்கலாம்.” அவன் ஆள்காட்டி விரல் ட்ரிகர்மேல் இருந்தது, நடுங்கியது, வளையவில்லை. இன்னொரு விரலையும் சேர்த்துக்கொண்டான். அப்போதுதான் அவன் கையை அவள் சரியாகப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

“எத்தனை நாளாண்ணா?”

“தூங்கும்போது கை அடியில மாட்டிக்கிச்சு. அதான் மரத்துப்போச்சு.”

“பொய் சொல்லாத. பஸ் எப்படி ஓட்டற?”

“ஸ்டீயரிங் பெருசு, ட்ரிகர் சின்னது. அது வேற, இது வேற.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாத. பயந்துடுவா. நீ திருகைத் திருப்பு.”

அவள் திருப்பினாள். வேறென்ன செய்ய? தட்டிக் கேட்டால் சிரிப்பான், அழுதால் கிண்டல் பண்ணுவான். தெருவில் பஸ் ஹாரன் கேட்டாலே வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாக அந்த பஸ் போகும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் ட்ரிகர் ஊதினால் நகரும் நிலைக்கு வந்தது. அந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கி அண்ணன் இரண்டடி ஓடினான், கால் இடறியது. துப்பாக்கி குலுங்கியதில் படபடவென்று குண்டுகள் கிளம்பி, அவன் அணிக்காரர் முதுகில் வரிசையாக வெடித்தன. மைதானமே சிரித்தது. மைதானக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கி, முகப்பைத் தரைக்குத் திருப்பி, பின்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு குண்டு தெறித்து மண்ணில் சிதறியது.

ஷெட்டுக்கு வந்து, “என்னம்மா, தெரிஞ்சே இப்படிப் பண்ணுவியா? முகமூடி கழட்டினவன் கண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது? ஸ்பிரிங்கைப் போடு” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் காந்தங்களைப் பெயர்த்தெடுத்துப் புது ஸ்பிரிங்கைப் போட்டாள். அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கி ஒரு விரலால் இழுத்தான். இரண்டு விரலால் இழுத்தான். பிறகு பிஞ்சுக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் கிடத்திவிட்டு, “சரி, வீட்டுக்குப் போகலாம்” என்றான்.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும். தினமும் சட்டை பட்டன் நான்தானே போட்டு விடறேன். தங்கச்சிக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவா, சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணியின் மடியில் அவனுடைய காக்கிச் சட்டை பாதி மடிந்து கிடந்தது.

சேர்ந்தே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்கள். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு என்றார் டாக்டர். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. “தள்ளிப்போடறதுக்கு எங்க டிப்போ மேனேஜரே போதுமே, டாக்டர்” என்றான் அண்ணன். அவரும் சிரித்தார். அவர் மட்டும் வேறென்ன செய்வார்?

பஸ் சாவியை அவனே கொண்டுபோய் ஒப்படைத்தான். டாக்டரம்மா தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். அவன் சட்டைகளில் பட்டனுக்குப் பின்னால் காந்தம் வைத்துத் தைத்தாள். ஓரத்தை ஓரத்தின் பக்கம் கொண்டுவந்தால் போதும், ‘டிக்’கென்று தானே மூடிக்கொள்ளும். மழைக்காலம் முடியும்வரை அவனே சட்டை போட்டுக்கொண்டான். அப்புறம் கையைத் தூக்க முடியாமல் போனது. கை தூக்க முடியாதவனுக்கு என்ன காந்தத்தை எங்கே ஒட்டுவது?

இப்போது முன்னறைக் கட்டிலில் படுத்திருக்கிறான். பேச்சு குழறுகிறது, அண்ணிக்கு முழுதாகப் புரியும், தங்கைக்குப் பாதி. ஞாயிறு வேலை முடிந்து, எண்ணெய்க் கையைக் கழுவியும் கழுவாமலும் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். யார் ஜெயித்தது, யார் வழுக்கி விழுந்தான் என்று ஒன்று விடாமல் சொல்லவேண்டும். சொல்லுவாள். போன வாரம் யாரோ ஒரு பெரிய மனிதர் டயருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்ததைச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சை அடைத்தது. அண்ணி ஓடி வந்து தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவினாள். அடங்க வெகுநேரமாயிற்று.

“இனிமே சிரிக்கறாப்ல எதுவும் சொல்லாதம்மா” என்றாள் அண்ணி.

அண்ணன் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான். வாய் கோணிக்கொண்டு ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

“சொல்லச் சொல்றாரு” என்றாள் அண்ணி.

தங்கை அவன் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு அந்தப் பெரிய மனிதரின் கதையை, சிரிப்பு வருகிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.