பெஞ்சு இல்லாத பூங்கா

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் ஆய்வுக்கூடமும் கொடுப்பது எங்கள் தொழில்நுட்பப் பூங்காவின் வேலை. அவர்கள் பதறும்போது கூடவே பதறுவது மேலாளரான என் வேலை. அலுவலகச் சாவிக்கொத்தைச் சுமக்கும் சக ஜீவன்களுக்கு இது புரியும்.

வாக்கிங்

திருச்சியில் நாங்கள் திறந்த புதிது. வாசலில் 'ஆராய்ச்சி, தொழில்நுட்பப் பூங்கா' என்று பெரிய போர்டு. ஒருநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி கேன்வாஸ் ஷூவோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கடைசியில் மாமி வியர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார்.

"பூங்கான்னு போட்டிருக்கேள், உட்கார ஒரு பெஞ்சு கிடையாதா?"

முறுக்கு

மணப்பாறை செல்வி அக்கா, எண்ணெய் அதிகம் குடிக்காத முறுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். துபாய்க்கு அனுப்ப ஆசை. அதுவரை மொறுமொறுப்பு தாங்குமா என்று பார்க்க, எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது அலமாரி காலி. பக்கத்து அறை சாப்ட்வேர்காரர்கள் தினமும் டீயோடு ஒரு கை பார்த்திருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சுட்டு, பூட்டி வைத்து, இப்போது முறுக்கு துபாய் போகிறது. ஆனால் அன்று அவர் கண் கலங்கிவிட்டது.

"கெட்டுப்போகுதான்னு பார்க்கத்தாங்க வச்சேன், தீர்ந்துபோகுதான்னு பார்க்க இல்லை!"

நாற்காலி

ஸ்டெல்லா பொன்மலைப் பெண். அப்பா ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வுபெற்றவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருக்காகத் தமிழில் சொன்னால் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தாள். 'போ' என்றால் போகும், 'நில்லு' என்றால் நிற்கும். தன் நோயாளிகளுக்கு ஆகுமா என்று பார்க்க ஒரு டாக்டர் வந்தார். நிறுத்தும் கட்டளையை மட்டும் தானே கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

அப்பா "போ" என்றார். நாற்காலி கிளம்பியது. டாக்டர் "நில்லுங்க" என்றார். நிற்கவில்லை. "நில்லுங்க! தயவுசெஞ்சு நில்லுங்க!" எதிரே கண்ணாடிக் கதவு. ஸ்டெல்லா கதவைத் திறக்கப் பாய்ந்தாள். அப்பா "நில்லு!" என்று போட்ட ஒரே அதட்டலில் நாற்காலி கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஸ்டெல்லா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் முகம் வெளுத்திருந்தது. அப்பா மட்டும் சிரித்தார்.

"மரியாதையாச் சொன்னா நிக்காத வண்டியத் திருச்சியில யாரும்மா வாங்குவாங்க?"

அந்த வாரமே அதற்கு 'நில்லுங்க'வும் பழக்கமானது. டாக்டரும் மறுபடி வந்தார். அப்பா இப்போது தெருமுனை டீக்கடைக்குத் தனியாகவே போய் வருகிறார்.

தொழில்முனைவோரை வளர்க்கிறோம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உள்ளே அவர்கள் வளர்கிறார்கள், எனக்கு முடி கொட்டுகிறது.