எரிக்காமல் விட்ட நீலச் சட்டை

நடந்ததைச் சொல்கிறேன். கூட இருந்தவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள். என் அண்ணன் பெயரை மட்டும் கேட்காதீர்கள். செத்தவர் பெயரை எங்கள் கவீயாப் பழங்குடி ஜனம் வாயில் எடுப்பதில்லை.

கலிபோர்னியப் பாலைவனத்தில் பேரீச்சைக் குலை வெட்ட ஏறியவன், ஏணியோடு விழுந்தான். நான் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. எங்கள் சாவு வழக்கப்படி விடிய விடியப் பறவைப் பாட்டுப் பாடி அனுப்பினோம். புதைத்த கையோடு அவன் பொருள் அத்தனையும் எரித்தோம். கட்டில், பூட்ஸ், அவன் குலுக்கிப் பாடும் சுரைக்குடுக்கை. ஒன்று மிஞ்சினாலும் போகிறவன் திரும்பி வருவான்.

மறுநாளே அவன் கைக்குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. அழவும் இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள், வெயில் தாழும் நேரம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டு அண்ணி லொரீனா வெளியே போயிருந்தாள். வீட்டில் நான், பெரியப்பா மகன் க்ளெம், தொட்டிலில் குழந்தை.

சக்... சக்... சக்...

குடுக்கைச் சத்தம்.

"க்ளெம், கேக்குதா?"

"காத்துடா. மலையில கெடக்குற பயலுக்கு இவ்ளோ பயமா?"

சக்... சக்...

க்ளெமின் சிரிப்பு நின்றது.

"அவனோட சாமான் ஏதோ இங்க இருக்குடா. தேடு... புள்ளையக் கொண்டுபோயிருவான்."

அலமாரி. அடுப்படி. பரண். எதுவும் இல்லை.

சத்தம் தொட்டில் பக்கம் நகர்ந்தது.

குழந்தையைத் தூக்கினேன். மெத்தைக்கு அடியில்...

நீலச் சட்டை. பையில் வெள்ளை நூல் தையல். அவனுடையதேதான்.

ஈரமாக இருந்தது. கையில் மண் ஒட்டியது.

கொல்லையில் போட்டு எரித்தோம். பற்றவே மறுத்தது. பற்றியதும்...

சத்தம் நின்றது.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

அண்ணி ஓடி வந்தாள். குழந்தை மார்பைக் கவ்விக்கொண்டது. அது குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு முடியவில்லை.

"ஒரு சட்டைய ஒளிச்சு வச்சு, புள்ளைய பலி குடுக்கப் பாத்தீங்களே, அண்ணி?"

"எந்தச் சட்டை?"

"நீலம். வெள்ளை நூல் போட்டுத் தச்சது."

அண்ணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அது எப்படி, டாரெல்? அதைப் போட்டுவிட்டுத்தான உங்கண்ணனைப் பெட்டியில படுக்க வச்சேன். கழுத்துப் பொத்தான் இல்லன்னு நானே ஊக்கு குத்திவிட்டேன்..."

கொல்லைக்குப் போனேன். சாம்பலைக் கிளறினேன்.

ஊக்கு கிடந்தது.

திறந்திருந்தது.