அருவிக்கரையில் விட்ட நேரம்

நாங்கள் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலத்தூரில் இருக்கிறோம். போன சீசனில் ஒரு காலை, என் கணவரின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. "வலது கை மரத்த மாதிரி இருக்கு. அருவில நின்னா தண்ணி அடிக்கிற அடில சரியாயிரும்" என்றார். தோள்வலி, இடுப்புவலி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டு வைத்தியம் அதுதான். எனக்கும் சரியென்றே பட்டது.

குற்றாலத்தில் நல்ல கூட்டம். வெகுநேரம் வரிசையில் நின்றோம். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நான் வந்தபோது, அவர் ஈரத்துண்டோடு படியில் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. அப்போதும் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்குக்குத்தான் ஓடினேன். அங்கே ஸ்கேன் வசதி இல்லை. தென்காசியில் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

"கை எப்பம்மா மரத்துச்சு?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். சொன்னேன். "ரத்தக்கட்டியக் கரைக்க ஊசி இருக்கும்மா. ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். அது தாண்டிட்டு" என்றார்.

அந்தச் சில மணி நேரத்தில்தான் நான் அருவிக்கரையில் நிதானமாகத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது யாருக்காவது திடீரென்று கை மரத்தாலோ வாய் கோணினாலோ, உடனே 108 ஆம்புலன்ஸ்தான். எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் கை மரத்தபோது, அவர் வீட்டில் தைலம் தேடினார்கள். அதற்குள் என் கணவர் இடது கையால் 108ஐ அழுத்தி, போனை என்னிடம் நீட்டினார். அவருக்குத்தான் இன்னும் பேச்சு வரவில்லையே.