வண்டி மாற்றப் பூ கேட்டோம்

என் வண்டி ஒரே உதையில் கிளம்பும். அம்மாவுக்கு மூச்சுத் திணறும்போதெல்லாம் எங்களை ராசிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தது அதுதான்.

அதைக் கொடுத்துவிட்டு, வெண்ணந்தூர்க்காரர் ஒருவரிடம் இருக்கும் அந்தக் காலத்துப் பைக்கை வாங்கிக்கொள்ள எனக்கு ஆசை. "ரிப்பேருல பாதி வேலைதானுங்க பாக்கி" என்றிருந்தார். அந்தப் பாதியை நினைத்தால்தான் தயக்கம்.

"அம்மன்கிட்ட பூ கேட்டுப் பாத்தர்லாமுங்க" என்றாள் மனைவி.

இன்று காலை வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் வைத்தோம். வெள்ளை வந்தால் மாற்றலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆசைப்பட்ட நானே சிவப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை.

பைக்கோடு வருவதாகச் சொன்ன வெண்ணந்தூர்க்காரர் அப்போதுதான் வந்தார், நடந்து.

"வண்டி எங்கீங்க?"

"ஊட்டுல நிக்குதுங்க. நல்ல காரியத்துக்கு வாரப்ப நடுவழியில நின்னுட்டா சகுனம் ஆகாதுங்களே, அதான் பஸ்ஸுல வந்துட்டனுங்க."

இப்போது, பைக்கை எடுத்துவரலாம் என்று என் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உதைக்கக் கால் எழவில்லை.

அம்மன் சரியென்று சொல்லிவிட்டாள். அவர் சட்டைப்பையில் பஸ் டிக்கெட் இருக்கிறது. நான் எதை நம்புவது, சொல்லுங்கள்.