நீலப் பையில் ஐந்து புட்டிகள்

குச்சியக்கா முதன்முதலாக எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்த நாளில், ஆறு பக்கம் அச்சடித்த தாளைக் கொண்டுவந்தார். சளி பற்றி ஏதோ ஆராய்ச்சியாம்; குழந்தைகள் மூக்கில் மட்டுமல்ல, அவர்களைத் தூக்கி இறக்குகிறவர்கள் மூக்கிலும் சளி எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு நாங்கள் நாலு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற மூன்று பேரும் படித்தவர்கள். நான் சமையல்காரி, ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். ஆனால் நாலு பேர் பார்க்கப் படி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாள் என் பக்கம் வருவதற்குள் அவர், "இதை நான்தான் வாசிச்சுக் காட்டணும். அதுதான் சட்டம். யாரும் கையில வாங்கிப் படிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் உட்காரவைத்து ஆறு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். பொறுப்பாளர் அம்மா கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சட்டமே கிடையாது என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் காப்பகம் சட்டை தைக்கிற கம்பெனியின் பின்பக்கத்தில் இருக்கிறது. முப்பத்தொரு குழந்தைகள். எல்லாம் மெஷினில் உட்காருகிற பெண்களின் குழந்தைகள். அவர் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு ஐஸ் பெட்டியோடு வருவார். நுனியில் பஞ்சு சுற்றிய நீளமான மெல்லிய குச்சியைக் குழந்தையின் மூக்குக்குள் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி எடுத்து, ரோஸ் நிறத் தண்ணீர் இருக்கும் சின்னக் குழாயில் போட்டு மூடுவார். அதனால் அவர் பெயர் குச்சியக்கா. வயதில் நான் மூத்தவள்தான். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் தங்கச்சி என்று யாரும் இருந்ததில்லை.

குச்சியைக் கண்டால் குழந்தைகள் மேசைக்கடியில் ஓடி ஒளியும். அவர் தரையில் உட்கார்ந்து தன் மூக்கை நீட்டி, "முதல்ல நீ எனக்கு எடு" என்று ஒரு குச்சியைக் கொடுப்பார். ஒவ்வொன்றும் கண்ணும் கருத்துமாகக் குத்தும். இரண்டு வருஷம் இத்தனை குழந்தைகளிடம் அடிபட்டும் அந்த மூக்கு முகத்திலேயே நின்றது ஆண்டவன் கிருபை.

அந்த ஆராய்ச்சி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு கட்டைப் பிரித்தார்.

"நான் பத்து வருஷம் மருந்துக்கடையில நின்னேன் அக்கா. பிள்ளைக்குச் சளின்னு வருவாங்க. சீட்டும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. தண்ணி ஊத்திக் குலுக்கற பொடி மருந்து பாட்டிலைக் கேப்பாங்க, நானும் எடுத்துக் குடுப்பேன். சளியில பாதிக்கு மேல அந்த மருந்துக்கு வேலையே இல்ல, தானே சரியாயிடும். ஆனா சும்மா சும்மா குடுத்தா, கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போயிடும். அப்புறம் நிசமாவே நெஞ்சுல சளி கட்டும்போது குடுத்தா, கிருமி சட்டையே பண்ணாது. எந்தப் பிள்ளை எத்தனை பாட்டில் குடிச்சிருக்கு, அது மூக்குல என்ன கிருமி இருக்கு, ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் இந்தப் பை."

பை என்றால் நீலத் துணிப்பை. ஒவ்வொரு தாய்க்கும் ஒன்று கொடுத்திருந்தார். குழந்தை குடித்து முடித்த மருந்துப் புட்டியை வீசாமல் அதில் போட்டு வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் எடுத்து எண்ணி, குழந்தையின் பெயருக்குப் பதிலாக நம்பர் போட்ட புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

முதல் மூன்று மாதம் பைகள் தட்டையாகவே வந்தன. காரணம் எனக்குத் தெரியும். காலையில் வாசலிலேயே பொறுப்பாளர் அம்மா ஒவ்வொரு குழந்தை நெற்றியிலும் தெர்மாமீட்டரைப் பிடிப்பார். காய்ச்சல் இருந்தால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று நாள் வராவிட்டால் அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் சில பேர் விடியும்போதே எதையாவது ஊற்றிவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். புட்டியைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். சில பேர் நிசமாகவே எதுவும் கொடுப்பதில்லை.

ஒரு நாள் என் சமையலறைப் பக்கம் நின்று அவர் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசிய ஆராய்ச்சி அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது.

"முப்பத்தொரு பிள்ளைங்க, மூணு மாசம், மொத்தமே நாலு பாட்டிலா? மத்த இடத்துல கூடை கூடையா வருது. நீங்க பையைத் திறந்து பாக்கறீங்களா இல்லையா?"

"இருக்கறதைத்தானே சார் எழுத முடியும்."

"அப்ப நாங்க வேற ஆளைப் பாக்கவேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு குழந்தைகளிடம் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மார்களிடம், "பாவம், குச்சியக்கா வாராவாரம் வெறுங்கையோட போறாங்க. வேலையே போயிடும் போலிருக்கு. மறைக்காம இருக்கறதைக் கொண்டுவாங்களேன்" என்று சொன்னேன்.

பட்டன் தைக்கிறவள் சிரித்தாள். "அதுக்கென்ன, எங்க மாமியார் தலைமாட்டுல ஒரு மருந்துக்கடையே இருக்கு. ரெண்டை உருவிட்டு வரேன்."

"உன் வீட்டுக்காரர் பாட்டிலைக் கொண்டுவந்து வச்சிடாதடி, பிள்ளை குடிச்சதுன்னு எழுதிடப் போறாங்க" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த செவ்வாயிலிருந்து பைகள் குலுங்கின. அவர் முகத்திலும் தெளிவு வந்தது. "இப்பத்தான் அக்கா என்னை நம்பறாங்க" என்றார். அப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது.

காலர் தைக்கிறவளின் மகளுக்கு இரண்டு வயது. கன்னத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் உருண்டை. புத்தகத்தில் அவள் பதினேழு. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் குச்சிக்குப் பயந்து ஓடவில்லை. படுத்த இடத்திலேயே படுத்திருந்தாள். காலையில் உடம்பில் சூடில்லை என்று உள்ளே விட்டிருந்தார்கள். குச்சியக்கா அவள் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். ஐம்பத்தெட்டு; அந்த வயசுக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அவர் வேறெதுவும் எடுக்கவில்லை. "அக்கா, தூக்குங்க" என்றார். நான் தூக்கிக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். அங்கே கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அதனால் டாக்டர் கேட்டபோது பதில் சொல்ல நாங்கள் இருவர்தான் இருந்தோம். "இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்திருக்காங்க?" குச்சியக்கா புத்தகத்தைத் திறந்து வாசித்தார். நாலு மாதத்தில் ஐந்து புட்டி. கடைசிப் புட்டி போன வாரம்.

"அஞ்சா? அப்ப வழக்கமான மருந்து கேக்காது. அடுத்ததுதான் போடணும்" என்றார் டாக்டர். அந்த அடுத்த மருந்து அங்கே தீர்ந்திருந்தது. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்தார்கள். மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதுவரை வழக்கமான மருந்தைப் போடாமல் மூச்சுக்குக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் உருண்டை போய்விட்டாள்.

அடுப்புப் பற்றவைக்குமுன் முப்பத்தொரு குழந்தைகள் பெயரையும் ஒருமுறை சொல்லிக் கும்பிடுவது என் வழக்கம். மறுநாள் என் வாய் தானாக அந்தப் பெயருக்குப் போய் நின்றது. சொல்வதா விடுவதா என்று தெரியவில்லை. சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து உருண்டையின் பரிசோதனைத் தாள் வந்தது. குச்சியக்கா அதை இரண்டு மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம், "அக்கா, இது வழக்கமான மருந்துக்கே அடங்கற கிருமி. அஞ்சு பாட்டில் குடிச்ச பிள்ளைகிட்ட இது எப்படி இருக்கும்? நாம ஒருதடவை அவ வீட்டுக்குப் போகணும்" என்றார்.

ஒற்றை அறை. காலர் தைக்கிறவள் எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவளே எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த நீலப் பையை எடுத்துவந்து நீட்டினாள்.

"அந்தச் செவ்வாய்க்காக வச்சிருந்தேன் அக்கா. குடுக்க மறந்துட்டேன். ரெண்டு இருக்கு."

குச்சியக்கா ஒரு புட்டியை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடையில் நின்ற கை அல்லவா. "இது பெரிய பிள்ளைங்களுக்குக் குடுக்கற மருந்தாச்சேம்மா. உருண்டைக்கா குடுத்த?"

"ஐயோ, அவளுக்கு மருந்து வாயில வச்சாலே வாந்தி வரும். நான் எதுவுமே குடுக்கறதில்ல. ஈரத்துணியால துடைச்சுவிட்டுத்தான் தூக்கிட்டு வருவேன். இது பக்கத்து வீட்டுது. அங்க மூணு பசங்க."

"இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம்?"

"எல்லாமே அங்க வாங்கினதுதான். நீங்க வெறுங்கையோட போகக் கூடாதுன்னு." அவள் என்னைப் பார்த்தாள். "அக்காதான் சொன்னாங்க, உங்களுக்கு வேலை போயிடும்னு."

குச்சியக்கா இரண்டு புட்டியையும் பைக்குள் வைத்து, பையை மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது நான் அன்று சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நடந்துகொண்டே இருந்தார். கம்பெனி மதில் தெரிந்த பிறகு, "டாக்டர்கிட்ட வாசிச்சது என் வாய்தான் அக்கா" என்றார்.

அந்த வாரம் தாய்மார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வாய் விட்டுச் சிரித்தவர்கள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள். மாமியார் புட்டி, பக்கத்து வீட்டுப் புட்டி, கடைக்குப் பின்னால் குப்பையில் பொறுக்கிய புட்டி. முப்பத்தொரு பையில் நம்பக்கூடியது ஏழு. பட்டன் தைக்கிறவள், "நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர் அந்த டாக்டரையும் போய்ப் பார்த்தார். வழக்கமான மருந்தை அன்றைக்கே போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டிருக்கிறார். "பிழைச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றாராம்.

அதிகாரி நேரிலேயே வந்தார். சமையலறை ஒன்றில்தான் கதவு உண்டு என்பதால் அங்கேயே பேசினார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"இங்க பாருங்கம்மா, அடுத்த மாசம் அறிக்கை போகணும். பதினேழாம் நம்பரை மட்டும் அடிச்சிடுங்க. மத்தது இருக்கட்டும்."

"மத்ததும் பொய்தான் சார்."

"கொஞ்சம் கூடக்குறைய எல்லா இடத்துலயும் இருக்கும்."

"இதைப் பாத்துத்தான் சார் நாளைக்கு ஒரு டாக்டர் எந்த மருந்து போடறதுன்னு முடிவு பண்ணுவாரு. ஒருத்தர் பாத்து முடிவு பண்ணி ஆயாச்சு."

"ரெண்டு வருஷ வேலை. மொத்தத்தையும் அடிச்சா உங்களை வச்சுக்க முடியாது. தெரியும்தானே?"

"தெரியும் சார்."

ஏழு பிள்ளைகளின் பக்கங்களை விட்டுவிட்டு, மற்ற எல்லாப் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் தேதியும் கையெழுத்தும் போட்டார். காரணம் என்ற இடத்தில் எந்தத் தாயையும் குறிப்பிடவில்லை. 'நான் விசாரிக்கவில்லை' என்று எழுதினார். என் பேச்சும் அதில் இல்லை.

இந்த மாதிரிச் செய்தி மெஷினுக்கு மெஷின் தாண்டிப் போகிற வேகம் சொல்லி முடியாது. காலர் தைக்கிறவள் சாப்பாட்டு மணிக்கு நேராகக் காப்பகத்துக்குக் குச்சியக்காவிடம் வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"அக்கா, நான் குடுத்த பாட்டிலை எண்ணித்தான் மருந்தை மாத்தினாங்களாமே. நிசமா?"

நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டேன். இல்லை என்று அவர் சொல்லிவிடட்டும் என்றுதான் வேண்டினேன். அது பொய்க்கான வேண்டுதல் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"நிசம்தாம்மா" என்றார் குச்சியக்கா.

"அப்ப நான்தானா?"

"நீ பாட்டிலைக் குடுத்த. இது யார் குடிச்சதுன்னு கேட்டு எழுதறதுதான் என் வேலை. ஒன்றரை வருஷமா நான் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன் அக்கா."

"அதான்."

அவள் அழவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் எடுத்துக் காட்டினார். பதினேழு என்ற எண்ணின்மேல் அவள் விரலை வைத்தாள். "இதுவா அவ?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றார் அவர். மணி அடிக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. அடுத்த மாதமே அவள் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியாகக் குச்சியக்கா வந்தது பைகளைத் திரும்ப எடுத்துப்போக. அன்று செவ்வாய் அல்ல. குழந்தைகள் பழக்கத்தில் மேசைக்கடியில் ஒளிந்தன. கையில் குச்சி இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தன. பழைய மருந்துக்கடையிலேயே கேட்டிருப்பதாகவும், வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். வேறு ஒரு பெண்ணை வைத்து ஆராய்ச்சி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். நான் வாசல்வரை போனேன். என்னை மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைச் சொல்ல விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்து வர்ற பொண்ணு மேல யாரும் இரக்கப்படாம மட்டும் பாத்துக்கங்க அக்கா" என்றார்.