தங்கச்சி என்று நினைத்துப் பிடித்த கை

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். புரட்டாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், என் கணவருடன் வேலை பார்ப்பவர்கள் மலைக்குப் போக வேன் பிடித்தார்கள். டி. கல்லுப்பட்டியைத் தாண்டி மேற்கே போனால் அடிவாரம். அங்கிருந்து ஓடையை ஒட்டிப் பள்ளத்தாக்கு வழியாகவே நடந்தால் மேலே ஒரு மடம். ஏறி வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள், மழை வந்தால் ஒதுங்கவும் இடம் உண்டு. காலையில் ஏறிச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம் என்றார்கள்.

ஊருக்குள்ளேயே வளர்ந்தவள் நான். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த யானைமலைதான் எனக்குத் தெரிந்த மலை. ஆனாலும் ஏறும்போது கஷ்டம் தெரியவில்லை. ஓடையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். கல்லுக்குக் கல் தாவிக் கடந்தோம். மடத்தில் சுடச்சுடக் கஞ்சியும் துவையலும் கிடைத்தன. அந்தப் பசிக்கு அப்படி ஒரு ருசி!

இறங்கத் தொடங்கியதும் தூறல் விழுந்தது. அடிவாரக் கடையில் விற்ற நீல பாலிதீன் தாளை எல்லாருமே வாங்கி வைத்திருந்தோம். அதைத் தலையோடு போர்த்திக்கொண்டோம். எங்கள் தலையில் மட்டுமில்லை, அன்று மலையில் இருந்த பாதிப்பேர் தலையிலும் அதே நீலம்தான். மேகம் வேறு இறங்கிவிட்டது. முன்னால் போவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

செருப்பு வார் அறுந்து நான் பின்தங்கினேன். என் கணவர் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே வாரைச் சரிசெய்தேன். நிமிர்ந்து பார்த்தால் அங்கே நின்றது முன்பின் தெரியாத ஒரு பெரியவர். பதறிப்போய் வேகமாக இறங்கினேன். ஓடைக்கரைக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் எல்லாரும் எதிர்க்கரையில் இருந்தார்கள். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகியிருந்தது. நான் பக்கத்திலேயே வருவதாக நினைத்து அவர்களோடு கடந்துவிட்ட என் கணவர், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கூடவே ஏதோ கத்தவும் செய்தார். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வா என்கிறாரா, வராதே என்கிறாரா? உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டினால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும். வா என்றுதான் இருக்கும் என்று தண்ணீரில் இறங்கினேன். முழங்கால்வரை வந்துவிட்டது. காலையில் இவ்வளவு இல்லையே, வேறு இடத்தில் இறங்கிவிட்டேனோ என்று ஒரு குழப்பம். திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது, பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள்.

"ஏன்டி, கூறு இருக்கா ஒனக்கு? தண்ணி எம்புட்டு வருது, நீ பாட்டுக்கு எறங்குற!"

ஒரு பெண்ணின் குரல். நீலத் தாளுக்குள் முகம் தெரியவில்லை. திட்டிக்கொண்டே என்னைக் கரைமேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். யார் இவள், எதற்கு என்னை வாடி போடி என்கிறாள், ஒன்றும் புரியவில்லை. கையை உதறினேன். அந்தச் சண்டையில் என் தாள் நழுவி ஓடையில் விழுந்தது. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். பயத்தில் எனக்கு அதுதான் வந்தது. விடு என்னை, என் வீட்டுக்காரர் அங்கே நிற்கிறார் என்று அந்த பாஷையிலேயே கத்தினேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரும்மா நீயி? அப்ப எந்தங்கச்சி எங்க?"

அந்த நொடியில்தான் மேலேயிருந்து லாரி லாரியாகக் கல் கொட்டுவது போலச் சத்தம். நான் சற்றுமுன் நின்ற இடத்தில் மரக்கிளைகளும் சேறுமாகத் தண்ணீர் புரண்டது. என் காலடி மண் சரிந்து இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டேன். அவள் ஒரு வேரைக் கட்டிக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்திருந்தாள். "தங்கச்சி, தங்கச்சி" என்று அலறியபடியே பிடித்திருந்தாள். அவள் கூப்பிட்டது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். பிடித்திருப்பது தன் தங்கையை இல்லை என்று அவளுக்கும் தெரியும். எப்படியோ மேலே ஏறினேன்.

எதிர்க்கரை மேகத்தில் மறைந்துவிட்டது. என் கணவர் தப்பினாரா என்று எனக்குத் தெரியாது, தங்கை எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அழுதுகொண்டே மடத்துக்கு ஏறினோம். தங்கைக்கு நீட்டவேண்டிய கையை நான் எடுத்துக்கொண்டேனோ என்று நினைக்க நினைக்க நடக்கவே முடியவில்லை. அவளிடமே சொன்னேன். "பேசாம வா" என்றாள். அவ்வளவுதான்.

மடத்து அடுப்புக்குப் பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "எங்க போன அக்கா? ஒன்னயத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றாள். மழைக்குப் பயந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டாளாம். அக்கா அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லாம் ஒரு கையால்தான். இன்னொரு கையில் என் கை அப்படியே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. நாங்கள் ஓடைக்கரைக்கு இறங்கினோம். கயிறு கட்டி ஆட்களைக் கரை கடத்தினார்கள். எதிர்க்கரையிலிருந்து முதல் ஆளாக என் கணவர் ஓடி வந்தார். ஒரு நீலத் தாள் வெள்ளத்தில் போவதைப் பார்த்தாராம். என்னையே தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தாராம். நிஜமாகவே நான்தானா என்பதுபோல என் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வா என்றீர்களா, வராதே என்றீர்களா என்று பிறகு பலமுறை கேட்டுவிட்டேன். முதலில் வா என்றுதான் சொன்னதாகவும், தண்ணீர் கூடுவதைப் பார்த்து வராதே என்றதாகவும் சொல்வார். எது எப்போது என்று அவருக்கே தெளிவில்லை.

அந்த அக்காவுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் என்று மட்டும் தெரியும். அடிவாரத்தில் எங்கள் வேன் கிளம்பும் அவசரத்தில் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆள் மாறித்தான் என்னை இழுத்தாள். அதை விதி என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்து, தன் தங்கை இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகும், அவளைத் தேடி ஓடாமல் அந்தக் கையை ஏன் விடாமல் பிடித்திருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கும்போதெல்லாம், மனிதர்களைப் பற்றி அவசரப்பட்டுக் குறைவாக எண்ணிவிடக் கூடாது என்று மட்டும் தோன்றுகிறது.